உருகாத உலோகமும் வளையும்

2025 பிப்ரவரி 12 அன்று, பிரான்ஸின் தெற்கே கடராஷ் என்னும் இடத்தில் உள்ள 'வெஸ்ட்' டோகமாக் என்ற அணுக்கரு இணைவு ஆய்வு இயந்திரம் ஒரு பிளாஸ்மாவை 1337 வினாடிகள் அணையாமல் காத்தது. 22 நிமிடத்துக்குச் சற்று மேல். பிளாஸ்மாவின் வெப்பநிலை சுமார் 5 கோடி டிகிரி செல்சியஸ். உலகச் செய்தித்தாள்கள் அந்த நிமிடங்களைக் கொண்டாடின. கொண்டாட வேண்டிய சாதனைதான். ஆனால் அவ்வளவு நேரமும் பிளாஸ்மாவுக்கு நேர் எதிரே நின்று வெப்பத்தை வாங்கிக்கொண்ட சுவரைப் பற்றி அந்தச் செய்திகளில் ஓரிரு வரிகளே இருந்தன. அந்தச் சுவர் டங்ஸ்டன்.

இணைவு ஆற்றலைப் பற்றிப் பேசும்போது காந்தங்களும் கோடி டிகிரிகளும் முன்னால் வந்து நின்றுவிடுகின்றன. மின்சாரம் தரும் இணைவு உலை என்றாவது ஓடப்போகிறது என்றால், அது ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும். அந்த ஆண்டுக்கணக்கைத் தீர்மானிக்கப்போவது, சில மில்லிமீட்டர் கனமுள்ள உலோகம் சூட்டில் எவ்வளவு மெதுவாக உருக்குலைகிறது என்பது.

ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது ஒரு ஹீலியம் அணுக்கருவும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அதற்கு மின்னூட்டம் கிடையாது என்பதால் காந்தப்புலம் அதை நிறுத்தாது. மீதி ஒரு பங்கு ஹீலியத்தோடு பிளாஸ்மாவுக்குள்ளேயே தங்கிச் சூடேற்றுகிறது. அந்த வெப்பமும் எரிந்து முடிந்த ஹீலியமும் கடைசியில் எங்காவது வெளியேறியாக வேண்டும். அதற்காக இயந்திரத்தின் அடியில் அமைக்கப்படும் கழிவுவாய்தான் டைவர்ட்டர். கடராஷிலேயே எழும்பிவரும் ஐட்டர் உலையில் அது 54 துண்டுகளாக இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 டன். (இந்தியா உள்ளிட்ட ஏழு தரப்புகள் சேர்ந்து கட்டும் உலை இது. இதன் வெளிக்கூடான 30 மீட்டர் உயர கிரையோஸ்டாட், குஜராத்தின் ஹசீராவில் செய்யப்பட்ட பாகங்களைக் கொண்டு உருவானது.)

உச்சிவெயில் ஒரு சதுர மீட்டர் தரையில் கொட்டும் ஆற்றல் சுமார் 1 கிலோவாட். ஐட்டர் டைவர்ட்டரின் மிகச் சூடான பகுதி சதுர மீட்டருக்கு 10 மெகாவாட்டை நீடித்துத் தாங்க வேண்டும். சிறிது நேரத்துக்கு 20 மெகாவாட்டையும் தாங்க வேண்டும். அதாவது பத்தாயிரம் உச்சிவெயில், சில வேளைகளில் இருபதாயிரம். சூரியனின் மேற்பரப்பே சதுர மீட்டருக்குச் சுமார் 63 மெகாவாட்டைத்தான் உமிழ்கிறது.

இந்த வேலைக்கு டங்ஸ்டன் தேர்வானதற்கு முதல் காரணம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு: 3422 டிகிரி செல்சியஸ், உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை. பிளாஸ்மாத் துகள்கள் மோதினாலும் அதன் அணுக்கள் எளிதில் பெயர்ந்து போவதில்லை. டிரிட்டியத்தை அது அதிகம் உறிஞ்சி வைத்துக்கொள்வதும் இல்லை. பெரிலியத்தில் செய்வதாக இருந்த, பிளாஸ்மாவைச் சுற்றி நிற்கும் 'முதல் சுவரையும்' டங்ஸ்டனுக்கு மாற்ற ஐட்டர் 2023-ல் முடிவெடுத்தது.

ஆனால் உருகுநிலை என்ற அந்த ஒற்றை எண் ஓர் ஏமாற்று எண். ஓர் உலோகம் தன் உருகுநிலைக்குப் பக்கத்தில்கூடப் போகாமலே பயனற்றுப் போகலாம்.

ஈயத்தை எடுத்துக்கொள்வோம். அது உருகுவது 327 டிகிரியில், கெல்வின் கணக்கில் 600. நம் ஊரின் சாதாரணப் பகல் வெப்பநிலை 303 கெல்வின். அப்படியானால் மேசைமேல் கிடக்கும் ஈயக்கட்டி ஏற்கெனவே தன் உருகுநிலையின் பாதியில் இருக்கிறது. அதனால்தான் ஐரோப்பாவின் பழைய தேவாலயக் கூரைகளில் வேய்ந்த ஈயத் தகடுகள், யாரும் தொடாமலே, தங்கள் எடையாலேயே நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல மெல்லக் கீழே சரிகின்றன. நிலையான சுமையின் கீழ், சூட்டில், காலம் போகப்போக உலோகம் தானாக நீண்டுகொண்டே போவதைப் பொறியாளர்கள் க்ரீப் என்பார்கள். எந்த உலோகமானாலும் கெல்வினில் உருகுநிலையின் மூன்றிலொரு பங்கைத் தாண்டியதும் இது தலைகாட்டத் தொடங்கும். பாதியைத் தாண்டினால் வேகமெடுக்கும். டங்ஸ்டனுக்கு அந்தப் பாதிப்புள்ளி ஏறத்தாழ 1575 டிகிரி செல்சியஸ். 20 மெகாவாட் வெப்பம் பாயும்போது டைவர்ட்டர் கட்டியின் மேற்பரப்பு 2000 டிகிரியை நெருங்கும்.

அந்தக் கட்டியின் மேல்முகம் நெருப்பில் இருக்க, சில மில்லிமீட்டர் கீழே அதன் வயிற்றைத் துளைத்துக்கொண்டு செம்புக் கலவைக் குழாயில் தண்ணீர் ஓடுகிறது. சூடான மேற்பகுதி விரியப் பார்க்கிறது. குளிர்ந்த அடிப்பகுதி விடுவதில்லை. விரிய இடமில்லாத உலோகம் அமுங்கி, நிரந்தரமாகக் குறுகிவிடுகிறது. பிளாஸ்மா அணைந்து கட்டி குளிரும்போது, குறுகிப்போன அந்த மேற்பகுதி இப்போது இழுவிசைக்கு ஆளாகிறது. மறுபடி சூடு, மறுபடி அமுக்கம், மறுபடி இழுப்பு. இப்படிச் சில நூறு சுற்றுகள் போனபின் பல சோதனைக் கட்டிகளின் நட்டநடுவே, மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோட்டில் ஆழமான விரிசல் விழுந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். உலோகம் எங்கும் உருகியிருக்கவில்லை. சூட்டில் வடிவம் மாறியதுதான் அதைப் பிளந்தது.

இதற்குள் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. உருட்டியும் அடித்தும் பதப்படுத்திய டங்ஸ்டனுக்குள் நுண்ணிய, நீண்டு நசுங்கிய படிக மணிகள் இருக்கும். அதன் வலிமைக்கும் ஓரளவு வளையும் குணத்துக்கும் அவையே காரணம். 1200, 1300 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் இருந்தால் அந்த மணிகள் அழிந்து, பெரிய, புதிய மணிகளாக மறுபடிகமாகின்றன. பதப்படுத்திச் சேர்த்த வலிமையெல்லாம் போய்விடுகிறது. டங்ஸ்டன் இயல்பிலேயே அறை வெப்பநிலையில் நொறுங்கும் உலோகம். பொதுவாகச் சில நூறு டிகிரி சூடானால்தான் உடையாமல் வளையும். மறுபடிகமான பிறகு அந்த எல்லை இன்னும் மேலே ஏறிவிடுகிறது.

இந்தச் சிக்கல் புதியதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் இதே உலோகம், இதே நோயோடு, குண்டு பல்புக்குள் இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கூலிட்ஜ் 1910 வாக்கில் டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்க வழி கண்டார். அவர் டங்ஸ்டனை உருக்கவே இல்லை. தூளை அழுத்தி, சூட்டில் ஒட்டவைத்து, மறுபடிகமாகும் வெப்பநிலைக்குக் கீழேயே வைத்து அடித்து அடித்து நீட்டினார். பல்பு எரிந்தது; ஆனால் சுமார் 2500 டிகிரியில் எரியும் சுருள் கம்பி சில காலத்திலேயே தொய்ந்து சரிந்தது. மணி எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின.

அதற்கும் தீர்வு வந்தது. அதே நிறுவனத்தின் அலடார் பாட்ஸ் செய்துபார்த்த கலவைகளுள் 218 என்ற எண்ணிட்ட மாதிரி தொய்யவே இல்லை. அதில் கார சிலிக்கேட் உப்புகள் சேர்ந்திருந்தன. ஏன் அது தொய்யவில்லை என்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே தெரிந்தது. உப்பிலிருந்த பொட்டாசியம் டங்ஸ்டனில் கரையாமல், பல பத்து நானோமீட்டர் அளவுள்ள குமிழிகளாக உள்ளே சிக்கியிருந்தது. கம்பியை இழுத்தபோது அந்தக் குமிழிகள் கம்பியின் நீளவாக்கில் வரிசைகட்டி நின்றன. சூட்டில் புது மணிகள் வளர்ந்தபோது அந்த வரிசைகள் பக்கவாட்டில் வளரவிடாமல் தடுத்தன. விளைவாக, நீண்ட மணிகள், நெளிநெளியான எல்லைகளோடு ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு வளர்ந்தன. கோத்துக்கொண்ட எல்லை வழுக்காது. பொட்டாசியம் கலந்த டங்ஸ்டன் இன்று இணைவு உலைச் சுவருக்கான வேட்பாளர்களில் ஒன்று.

இவ்வளவு நல்ல வழி கையில் இருக்கும்போது, டங்ஸ்டனை முப்பரிமாண அச்சில் செய்ய ஆய்வாளர்கள் முயல்வது ஏன்?

டங்ஸ்டனைக் கடைவதும் துளையிடுவதும் பெரும்பாடு என்பதே முதல் காரணம். அது கடினமானது, நொறுங்கக்கூடியது. கருவி வைத்த இடத்தில் சில்லு தெறிக்கும். இன்றைய டைவர்ட்டர் கட்டிகள் துளையிட்ட எளிய செவ்வகங்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அச்சில் அந்தத் தடை இல்லை. குளிர்நீர்ப் பாதையை வளைத்து வளைத்துச் சூட்டுக்கு அருகே கொண்டுபோகலாம். டங்ஸ்டனை வலைப்பின்னல் கூடாக அச்சிட்டு, இடைவெளிகளில் உருகிய செம்பை ஊற்றி நிரப்பலாம். செம்பு சூட்டில் டங்ஸ்டனைவிட மூன்றரை மடங்குக்கு மேல் விரியும்; இரண்டையும் நேராக ஒட்டினால் ஒட்டிய இடம் பிய்ந்துவிடும். கூட்டுக்குள் செம்பைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் அந்த மோதல் தணியும். ஜெர்மனியின் கார்ச்சிங் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் பிளாஸ்மா இயற்பியல் கழகத்தில் இப்படிப்பட்ட கூடுகளைச் செய்து சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனின் அணு ஆற்றல் ஆணையமும் கல்ஹாம் வளாகத்தில் இதற்கென அச்சு இயந்திரங்களை நிறுவியிருக்கிறது.

ஆனால் அச்சிடுவது என்றால் உருக்குவது. கூலிட்ஜ் காலத்திலிருந்து பெரும்பாலும் உருக்காமலே வேலைசெய்து பழகிய உலோகத்தை, அச்சு இயந்திரம் ஒரு மயிரிழை அகலக் குட்டையாக உருக்கி, மறுகணமே உறையவைக்கிறது. அடுக்கடுக்காகப் பரப்பிய டங்ஸ்டன் தூள் படுக்கையின் மேல் லேசர் ஓடும் இடத்தில் 3422 டிகிரிக்கு மேல். லேசர் நகர்ந்ததும் வினாடிக்கு லட்சம் டிகிரிக்கும் மேலான வேகத்தில் குளிர்வு. டங்ஸ்டன் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் இந்தக் குளிர்வு இன்னும் கடுமையாகிறது. சுருங்கும் உலோகம் வளைந்து கொடுக்க முடிந்த வெப்பநிலையைத் தாண்டி, நொறுங்கும் நிலைக்குள் விழும்போது, இழுவிசை இன்னும் தீரவில்லை. எனவே அது விரிசல் விடுகிறது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த விரிசல்கள் பிறக்கும் கணத்தை அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். லேசர் கடந்துபோன பிறகு, குளிரும் தடத்தின் குறுக்கே விரிசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உருகிய நிலையில் பிறந்த விரிசல்கள் அல்ல அவை. திடமான பிறகு, நொறுங்கும் எல்லையைக் கடக்கும்போது பிறந்தவை. தூளில் இருக்கும் சிறிதளவு ஆக்சிஜன்கூட மணி எல்லைகளில் போய்ச் சேர்ந்து, அவற்றை மேலும் பலவீனமாக்கி வைக்கிறது.

நோய் தெரிந்ததும் மருந்து ஓரளவு தெளிவானது. லேசருக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் இயந்திரம் வெற்றிடத்துக்குள் வேலைசெய்கிறது. ஆகவே வெளியிலிருந்து ஆக்சிஜன் சேராது. அதே கற்றையைக் கொண்டு தூள் படுக்கை முழுவதையும் 1000 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்கலாம். அச்சிட்டு முடியும்வரை உலோகம் நொறுங்கும் எல்லைக்குக் கீழே இறங்குவதே இல்லை. முடிந்தபின் எல்லாம் சேர்ந்து நிதானமாக ஆறுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் இந்த வழியில் சிக்கலான வடிவங்களை விரிசலின்றி அச்சிட்டுக் காட்டியது. இணைவுப் பொருளறிவியலில் அண்மைக் காலத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதைத் தயங்காமல் முன்வரிசையில் வைக்கலாம்.

விரிசல் இல்லாத துண்டு கையில் கிடைத்ததும்தான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. அது சூட்டில் எப்படி உருக்குலையும்?

அடுக்கடுக்காக அச்சிடும்போது வெப்பம் எப்போதும் கீழ்நோக்கியே வடிகிறது. எனவே படிக மணிகள் மேல்நோக்கித் தூண் தூணாக வளர்கின்றன. ஒரு தூண் பல அடுக்குகளை ஊடுருவிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் போகும். சில வேளை மில்லிமீட்டர் கணக்கிலும் நீளும். இப்படி வளர்ந்த உலோகம் மூங்கிலைப் போன்றது: நீளவாக்கில் இழுத்தால் அறுக்க முடியாது, ஆனால் நெடுக்குவாட்டில் அரிவாள் வைத்தால் ஒரே தட்டில் பிளந்துவிடும். அச்சுத் திசையோடு சேர்த்து இழுத்துச் சோதித்தால் ஒரு விடை, குறுக்கே இழுத்தால் வேறு விடை. 'இந்த டங்ஸ்டனின் வலிமை இவ்வளவு' என்று ஒரே எண்ணைச் சொல்பவரிடம், எந்தத் திசையில் என்று கேட்கத்தான் வேண்டும்.

க்ரீப்பைப் பொறுத்தவரை பெரிய மணிகள் நல்லவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அறை வெப்பநிலையில் உலோகத்துக்கு வலிமை வேண்டுமென்றால் மணிகளைச் சிறிதாக்குவார்கள். எல்லைகள் கூடக்கூட, படிகத்துக்குள் நகரும் இடப்பெயர்வுக் குறைகள் தடுக்கப்படும். கடும் சூட்டில் கதை தலைகீழ். அங்கே அணுக்களே இடம்விட்டு இடம் ஊர்கின்றன. மணியின் உடல் வழியே ஊர்ந்தால் உருக்குலையும் வேகம் மணி அளவின் இருமடிக்கு எதிர்விகிதம். எல்லை வழியே ஊர்ந்தால் மும்மடிக்கு எதிர்விகிதம். மணியின் அளவை இரட்டித்தால் முதல் வகை நான்கில் ஒன்றாகவும் இரண்டாம் வகை எட்டில் ஒன்றாகவும் குறையும். ஜெட் எஞ்சின் செய்வோர் இதை எப்போதோ பயன்படுத்திக்கொண்டார்கள். 1960-களில் பிராட் அண்ட் விட்னி நிறுவனம் டர்பைன் இறக்கைகளை ஒரே திசையில் உறையவைத்துத் தூண் மணிகளாக்கியது. பிறகு எல்லையே இல்லாத ஒற்றைப் படிகத்துக்குப் போனது.

அப்படியானால் அச்சிட்ட டங்ஸ்டனின் தூண் மணிகளும் வரம்தானே? சுமை தூணோடு சேர்ந்து வந்தால் வரம்தான். ஆனால் பல்புக் கம்பியின் மணிகள் நெளிந்து கோத்துக்கொண்டவை; அச்சிட்டவற்றில் எல்லைகள் பல இடங்களில் நேராக, வழவழப்பாக ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நுண்துளைகளும் ஒதுங்கியிருந்தால், குறுக்கே வரும் சுமைக்கு அவை ஆயத்தமான பாதை. டைவர்ட்டர் கட்டியிலோ விசை ஒரு திசையில் மட்டும் வருவதில்லை. எந்தப் பக்கத்தைப் பிளாஸ்மாவுக்குக் காட்டுவது, தூண்களை எந்தத் திசையில் வளர்ப்பது என்பதை வடிவமைப்பாளர் வரைபடத்திலேயே தீர்மானிக்க வேண்டும். கற்றை ஓடும் பாதையையும் வேகத்தையும் மாற்றி மணியின் திசையையே மாற்ற முடியும் என்பது அச்சுக்கு மட்டும் உரிய வசதி. வார்ப்பிலும் உருட்டலிலும் இந்தச் சுதந்திரம் கிடையாது.

பாட்ஸின் பொட்டாசியம் இங்கே கைகொடுக்காது. அது 759 டிகிரியிலேயே கொதிக்கும் தனிமம். உருகிய டங்ஸ்டன் குட்டையில் ஆவியாகிப் பறந்துவிடும். அதனால் குமிழியின் வேலையை எளிதில் ஆவியாகாத துகள்களிடம் ஒப்படைக்கப் பார்க்கிறார்கள்: இட்ரியம் ஆக்சைடு, சிர்க்கோனியம் கார்பைடு, டான்டலம் கார்பைடு. இவை மணி எல்லையைப் பிடித்து நிறுத்துவதோடு, அங்கே அலையும் ஆக்சிஜனையும் கட்டிப்போட உதவுகின்றன.

டங்ஸ்டனின் உறவுக்கார உலோகங்கள் இன்னும் எளிதாக அச்சாகும். நையோபியக் கலவைகள் அப்போலோ விண்கலங்களின் எஞ்சின் முனைக்குழல்களிலேயே பயன்பட்டவை. டான்டலம் அறை வெப்பநிலையிலேயே இளகி வளையும். ஆனால் நியூட்ரான் மழையில் நையோபியம் ஏறத்தாழ 20,000 ஆண்டு அரைவாழ்வுள்ள கதிரியக்க அணுவாகிறது. இன்னோர் உறவுக்கார உலோகமான மாலிப்டினத்திலிருந்து அதைவிட நீண்ட ஆயுளுள்ள டெக்னீசியம் பிறக்கிறது. அடுத்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குக் கழிவைச் சுமக்காத ஆற்றல் என்பதுதானே இணைவின் வாக்குறுதி. அந்தக் கணக்கில் நையோபியமும் மாலிப்டினமும் பின்தங்கிவிடுகின்றன.

சூட்டில் டங்ஸ்டனைச் சோதிப்பதே தனிப் பொறியியல். காற்றில் 500 டிகிரி தாண்டினாலே அது வேகமாக ஆக்சிஜனேற்றம் அடையும்; 1000 டிகிரி வாக்கில் அந்த ஆக்சைடு ஆவியாகவே போகத் தொடங்கும். ஆகவே வெற்றிட உலை வேண்டும். மாதிரியைப் பிடிக்கும் பிடியும் உருக்குலையக் கூடாது என்பதால் அதையும் உயர் உருகுநிலை உலோகத்தில் செய்ய வேண்டும். வெப்பநிலையை அளக்க டங்ஸ்டன்-ரீனியம் வெப்பமின்னிரட்டை. க்ரீப் சோதனை ஒன்று நூற்றுக்கணக்கான மணிநேரம் ஓடும். அச்சிட்ட ஒவ்வொரு கலவைக்கும், ஒவ்வொரு திசைக்கும், ஒவ்வொரு வெப்பநிலைக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று நினைத்தாலே மலைப்பு வரும். அச்சு இயந்திரம் சில நாளில் புது வடிவம் தந்துவிடுகிறது. அதை நம்பி உலையில் வைக்கத் தேவையான எண்கள் வர ஆண்டுகள் ஆகின்றன.

இதன்மேல் நியூட்ரானும் வந்து சேரும். 14 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு வரும் ஒவ்வொன்றும் அணுக்களை இடம்பெயர்த்துத் தள்ளும். சில டங்ஸ்டன் அணுக்களை ரீனியமாகவும், பிறகு ஆஸ்மியமாகவும் மாற்றிவிடும். மின்நிலைய உலையில் சில ஆண்டுகளில் இந்த அந்நியர்கள் சில சதவீதம்வரை சேர்ந்து, கொத்துக் கொத்தாகப் படிந்து உலோகத்தை விறைப்பாக்கி, எளிதில் உடையச் செய்வார்கள். அச்சிட்ட தூண் மணிகளில் இந்தக் கொத்துகள் எங்கே போய் அமரும், க்ரீப்பை அவை தடுக்குமா, எல்லையைப் பிளக்க உதவுமா என்பதை அணு உலைகளின் நியூட்ரானை வைத்து முழுதாகச் சொல்ல முடியாது. ஏனெனில் அந்த நியூட்ரான்கள் ஆற்றல் குறைந்தவை.

அதற்கெனவே ஸ்பெயினின் கிரனாடா அருகே எஸ்குசார் என்ற ஊரில் 'டோன்ஸ்' என்ற நியூட்ரான் மூலம் எழும்பி வருகிறது. 40 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள, 125 மில்லிஆம்பியர் டியூட்டீரியக் கற்றை, வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடும் திரவ லித்தியத் திரைமேல் மோதி, இணைவு உலையை ஒத்த நியூட்ரான்களைத் தரும். ஆனால் அந்த மழை முழு வேகத்தில் பெய்யும் இடம் மிகச் சிறியது, அரை லிட்டருக்கும் குறைவு. அதற்குள் நூற்றுக்கணக்கான மாதிரிகளை அடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் விரல்நகத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. உருட்டிய டங்ஸ்டனில் அவ்வளவு சிறிய துண்டுக்குள்ளும் ஆயிரக்கணக்கான நுண்மணிகள் இருக்கும். அச்சிட்ட டங்ஸ்டனிலோ ஒரு மில்லிமீட்டர் கனத் துண்டின் குறுக்கே சில தூண்களே அகப்படும். அடுத்த துண்டில் வேறு சில தூண்கள், வேறு சாய்வு, வேறு விடை. சில மணிகள் மட்டுமே உள்ள சிறு துண்டின் நடத்தையிலிருந்து முழுக் கட்டியின் நடத்தையைக் கணக்கிடும் முறையை, டோன்ஸ் ஓடத் தொடங்குமுன்னரே பொருளறிவியலாளர்கள் உருவாக்கியாக வேண்டும். அதற்காக அவர்கள் இப்போது அச்சிட்ட ஒரே கட்டியிலிருந்து பெரிய மாதிரிகளையும் குறுமாதிரிகளையும் வெவ்வேறு திசைகளில் வெட்டியெடுத்து, கதிர்வீச்சு படாத நிலையில், ஒரே சூட்டில் அருகருகே இழுத்து ஒப்பிட்டு வருகிறார்கள்.